உணர்விழந்த பாதங்களுக்கு உணரும் ரப்பர்

வலியை எவரும் விரும்புவதில்லை. எனினும் உடலைக் காக்கும் காவலர்களுள் வலியைப் போன்று விழிப்புள்ள காவலன் வேறில்லை. செருப்பினுள் சிறு கல் ஒன்று புகுந்துவிட்டால் இரண்டடி நடப்பதற்குள் கால் தானாகவே நின்றுவிடுகிறது. கல்லை உதறிய பின்னரே நடை தொடர்கிறது. இதற்கு எந்த முயற்சியும் தேவைப்படுவதில்லை, சிந்தனையும் தேவைப்படுவதில்லை. பாதத்தில் அழுத்தம் ஏறுவதை நரம்புகள் உணர்த்துகின்றன. உடல் உடனே அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

இந்தக் காவலன் செயலிழந்துவிட்ட பாதங்கள் நம் நாட்டில் ஏராளம். நீரிழிவு நோய் நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருக்குமாயின், கால்களிலுள்ள நுண்ணிய நரம்புகள் சிதைகின்றன. தொழுநோயும் நரம்புகளையே தாக்குகிறது. இத்தகைய பாதங்களில் காலையில் குத்திய கல், மாலையில் செருப்பைக் கழற்றும்போது இரத்தக் கறையாகத்தான் தெரிய வருகிறது. புண் ஆறுவதில்லை. வலி இல்லாமையால் நோயாளி அப்புண்ணின் மீதே நடக்கிறார். புண் ஆழமாகி எலும்பை எட்டும்போது விரலையோ பாதத்தையோ காலையோ இழக்க நேரிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. அந்நிலையை நெருங்கிக் கொண்டிருப்போர் மேலும் 13.6 கோடிப் பேர். தொழுநோயைப் பொறுத்தவரை, பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே அந்நோய் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் கொண்டுவரப்பட்டது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்களே. நோய் குணமான பிறகும் இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மனிதத் தோல் இழந்த உணர்வை, மனிதன் செய்த பொருள் ஒன்று ஓரளவேனும் ஈடு செய்ய இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடும் ஆராய்ச்சிகளில், மின்சாரத்தைக் கடத்தும் சிலிகோன் ரப்பர் இன்று முக்கிய இடம் பெற்றுள்ளது. சிலிகோன் ரப்பருடன் கார்பன் நானோ குழாய்களைச் சிறிதளவு கலந்து செய்யப்படும் இப்பொருளின் இயல்பையும், அதன் பயனையும், அதன் குறைகளையும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

வேலூர் காட்டிய வழி

உணர்விழந்த கைகால்களைப் பற்றிய நவீன அறிவின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் பிறந்தது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் விரல்கள் 'அழுகி விழுகின்றன' என்ற நம்பிக்கையை ஆராய்ந்தார். நோய் நேரடியாகச் சதையை அழிப்பதில்லை. உணர்வில்லாமையால் திரும்பத் திரும்ப ஏற்படும் காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன என்பது அவருடைய முடிவு. பாதத்தில் ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரக்கணக்கான முறை விழுந்தாலே திசுக்கள் வீங்கிப் புண்ணாகிவிடும் என்பதும் தெளிவாயிற்று. இதன் பயனாக, பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாக்கும் நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாக்கப்பட்டன. தொழுநோயாளிகளுக்கு இன்றும் இவ்வகைச் செருப்புகளே வழங்கப்பட்டு வருகின்றன.

1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, மேலும் ஒருபடி சென்று, செயற்கை வலி உணர்வை உருவாக்க முயன்றார். கையுறைகளிலும் காலுறைகளிலும் அழுத்தத்தை அறியும் உணரிகள் பொருத்தப்பட்டன. அழுத்தம் மிகும்போது ஒலி எழும். பின்னர் செய்யப்பட்டவற்றில் மின் அதிர்ச்சியும் உண்டாகும். இம்முயற்சி வெற்றி பெறவில்லை. உலோகத்தாலான உணரிகள் திரும்பத் திரும்ப வளைந்து பழுதுற்றன. அவற்றின் விலையும் மிகுதி. அத்துடன், வேலை செய்ய விரும்பிய நோயாளிகள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. சிலர் கருவியையே நிறுத்திவிட்டனர். இத்தோல்வியில் இரண்டு பாடங்கள் அடங்கியுள்ளன. ஒன்று பொருளைப் பற்றியது. மற்றொன்று மனிதனைப் பற்றியது. முதல் பாடத்திற்கு விடை காண்பதில் விஞ்ஞானம் வெகுவாக முன்னேறியுள்ளது.

உணரி எப்படி இருக்க வேண்டும்?

நாளொன்றுக்கு ஐயாயிரம் அடி நடப்பவரின் ஒவ்வொரு பாதமும் 2,500 முறை தரையில் ஊன்றுகிறது. ஓராண்டில் இது ஒன்பது லட்சத்தைத் தாண்டுகிறது. ஒவ்வொரு முறையும் உடலின் முழு எடையும் ஒரு நொடிக்குள் குதிகாலிலிருந்து விரல்களின் அடிப்பகுதிக்கு நகருகிறது. இத்தனை முறை மிதிபட்டும், வியர்வையில் நனைந்தும், வளைந்தும் பழுதுறாத பொருளே இப்பணிக்கு ஏற்றது. அது மென்மையாகவும் இருக்க வேண்டும். கடினமான உணரியே பாதத்தில் புண்ணை உண்டாக்கிவிடக் கூடும்.

பாலங்களிலும் எந்திரங்களிலும் பயன்படும் உலோகத் திரிபுமானிகள் மிகத் துல்லியமானவை. ஆனால் அவை சில சதவீத நீட்சிக்கு மேல் தாங்குவதில்லை. மனிதத் தோலோ முழங்கால், முழங்கை போன்ற மூட்டுகளில் அதனினும் பன்மடங்கு நீண்டு சுருங்குகிறது. ஆகவே, தானும் தோலைப் போன்று நீளவல்ல மின்கடத்தி தேவைப்படுகிறது. இயற்கையில் கிடைக்கும் கடத்திகள் கடினமானவை. மென்மையான ரப்பர்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை. இவ்விரு குணங்களையும் ஒரே பொருளில் இணைப்பதே இங்குள்ள பிரச்சினை.

சிலிகோன்: மணலிலிருந்து ரப்பர்

சிலிக்கான், சிலிகோன் என்ற இரு சொற்களும் ஒலியில் ஒத்திருப்பினும் பொருளில் வேறானவை. சிலிக்கான் என்பது மணலில் ஆக்சிஜனுடன் கலந்துள்ள தனிமம். கணிப்பொறிச் சில்லுகள் அதனாலானவை. சிலிகோன் என்பது அத்தனிமத்திலிருந்து மனிதன் செய்த நீண்ட சங்கிலி மூலக்கூறு. சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறி அமைந்து இதன் முதுகெலும்பாகின்றன. ஒவ்வொரு சிலிக்கான் அணுவின் பக்கத்திலும் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட சிறு தொகுதிகள் இரண்டு இணைந்துள்ளன.

'சிலிகோன்' என்ற பெயரை வழங்கியவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பணியாற்றிய பிரடெரிக் கிப்பிங். தாம் நெடுங்காலம் ஆராய்ந்த இப்பொருள்களுக்கு நடைமுறைப் பயன் ஏதும் விளையும் என்ற நம்பிக்கை அவருக்கு 1930-களில்கூட இருக்கவில்லை. 1940-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோக்கோவ் இவற்றுக்கான மூலப்பொருளை எளிதில் செய்யும் வழியைக் கண்டறிந்தார். செம்பை வினையூக்கியாகக் கொண்டு, சிலிக்கான் பொடியின் மீது மெதில் குளோரைடு வாயுவைச் செலுத்துவதே அவ்வழி. அதன் பின்னர் சிலிகோன் பெருந்தொழிலாக வளர்ந்தது. குழந்தைகளின் பால்புட்டிக் காம்பு முதல் விமானத்தின் சன்னல் அடைப்பு வரை இன்று இதன் பயன் விரிந்துள்ளது.

உணரிக்குச் சிலிகோன் தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணங்கள் பல. கடுங்குளிரிலும் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் இது மென்மை குன்றுவதில்லை. வியர்வை, வெயில் ஆகியவற்றால் எளிதில் கெடுவதில்லை. தோலுக்கு ஊறு செய்வதில்லை. திரவ நிலையில் அச்சில் ஊற்றி, வேண்டிய வடிவில் இறுகச் செய்யலாம். ஒரே குறை, இது மிகச் சிறந்த மின்காப்புப் பொருள் என்பதே.

கார்பன் நானோ குழாய்கள்

தேன்கூட்டின் அறுகோண அறைகளைப் போன்று கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காக அமைந்த தாள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அதனைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால் கிடைக்கும் உருவமே கார்பன் நானோ குழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோ மீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்றனுள் ஒன்றாகப் பல குழாய்கள் அமைந்த பல்சுவர்க் குழாய்களும் உண்டு. நீளம், விட்டத்தைப் போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் இருக்கக் கூடும். இவை மின்சாரத்தை நன்கு கடத்துகின்றன, வளைத்தாலும் முறிவதில்லை, எஃகைக் காட்டிலும் பன்மடங்கு வலியவை.

1952-ல் சோவியத் விஞ்ஞானிகளும், 1976-ல் மொரினோபு எண்டோ முதலியோரும் இத்தகைய கார்பன் இழைகளின் படங்களை வெளியிட்டனர். எனினும் 1991-ல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்தைச் சேர்ந்த சுமியோ ஈஜிமா இவற்றின் அமைப்பைத் தெளிவாக விளக்கிய பின்னரே உலகின் கவனம் இவற்றின் மீது திரும்பியது. அதே நிறுவனத்தில் பணியாற்றிய, கேரளத்தில் பிறந்த புளிக்கல் அஜயன், தாமஸ் எபசனுடன் சேர்ந்து 1992-ல் இவற்றை அதிக அளவில் செய்யும் முறையைக் காட்டினார். நானோ குழாய்களைப் பிசினுடன் கலந்த கூட்டுப்பொருள் பற்றி 1994-ல் வெளியான முன்னோடிக் கட்டுரையும் அஜயன் குழுவினருடையதே.

இக்குழாய்கள் மனிதன் அறியாமலே உருவானதும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கு எஃகினால் செய்யப்பட்டதாகக் கருதப்படும் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோ குழாய்கள் இருப்பதை 2006-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் அறிவித்தனர். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் கருமைப் பூச்சிலும் இவை காணப்பட்டதாக 2020-ல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. பண்டைக் கைவினைஞர் இவற்றைத் தெரிந்து செய்தனர் என்பது இதன் பொருளன்று. தீயும் கரியும் உலோகத் துணுக்குகளும் தக்கவாறு கூடினால் இக்குழாய்கள் உருவாகும் என்பதற்கே இது சான்றாகும். இன்றைய ஆலைகளிலும் ஏறத்தாழ இதுவே நடைபெறுகிறது. 600 முதல் 900 டிகிரி வரையிலான வெப்பத்தில், இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் நுண்துகள்கள் மீது கார்பன் கொண்ட வாயு செலுத்தப்படுகிறது. துகள்களின் மீது குழாய்கள் முளைத்து வளருகின்றன. கற்பூர ஆவியிலிருந்தும் இவற்றை வளர்க்க இயலும் என்பது 2003-ல் ஜப்பானின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் காட்டப்பட்டது.

கலவை மின்சாரத்தைக் கடத்துவது எவ்வாறு?

ரப்பரில் கரியைக் கலந்து மின்கடத்தியாக்குவது புதிய செயலன்று. தொலைக்காட்சியின் கையடக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ரப்பர்ப் பொத்தான்களின் அடியில் கறுப்பு வில்லைகளைக் காணலாம். அவை கரித்தூள் கலந்த ரப்பர் வில்லைகளே. ஆனால் கரித்தூளை மிகுதியாகக் கலந்தாலன்றிப் போதிய பயன் கிடைப்பதில்லை. அவ்வாறு கலக்கும்போது ரப்பர் கடினமாகி, நீளும் தன்மையை இழந்துவிடுகிறது.

நானோ குழாய்கள் இக்குறையை எவ்வாறு நீக்குகின்றன என்பதை ஓர் உவமையால் விளக்கலாம். அகன்ற குளம் ஒன்றை நனையாமல் கடக்க வேண்டும் எனக் கொள்வோம். கற்களைக் கண்டபடி போட்டு வழி உண்டாக்குவதானால் எண்ணற்ற கற்கள் வேண்டும். அவற்றுக்குப் பதிலாக நீண்ட பனந்தண்டுகளைப் போட்டால், சில தண்டுகளே ஒன்றையொன்று தொட்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாதை அமைத்துவிடும். கரித்துகள்கள் கற்களைப் போன்றவை. நானோ குழாய்கள் பனந்தண்டுகளைப் போன்றவை.

இவ்விதம் பாதை உருவாவது படிப்படியாக நிகழ்வதன்று. கலக்கும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், நெடுநேரம் எம்மாற்றமும் தெரிவதில்லை. குறிப்பிட்ட ஓர் அளவை எட்டியதும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தொடர்ச்சியான பாதை திறந்துகொள்கிறது. அப்போது மின்தடை லட்சக்கணக்கான மடங்கு வீழ்ச்சியடைகிறது. இந்த இயல்பைக் கணித முறையில் 1957-ல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர் ஆராய்ந்தனர். கோள வடிவத் துகள்கள் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும்போது, கன அளவில் ஏறத்தாழ 16 சதவீதத்தில் பாதை திறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நானோ குழாய்கள் நன்கு பரவியிருப்பின், எடையில் ஒரு சதவீதத்திற்கும் குறைவான அளவே பல சமயங்களில் போதுமானதாகிறது. அதாவது, ஒரு கிலோ சிலிகோனுக்குப் பத்து கிராமிற்கும் குறைந்த குழாய்கள். ரப்பர் ரப்பராகவே இருக்கிறது, மின்சாரமும் பாய்கிறது.

குழாய்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடையில் ஓரிரு நானோ மீட்டர் தடிப்புள்ள சிலிகோன் படலம் இருப்பினும், எலெக்ட்ரான்கள் அதனை ஊடுருவிச் செல்கின்றன. இது குவாண்டம் இயற்பியல் விளக்கும் விந்தைகளுள் ஒன்று. இடைவெளி சிறிதளவு அகன்றாலும் இந்த ஊடுருவல் பன்மடங்கு குறைகிறது. உணரியின் இரகசியம் இதில்தான் உள்ளது. ரப்பரை நீட்டும்போது குழாய்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, மின்தடை ஏறுகிறது. விட்டுவிட்டால் அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன, மின்தடையும் இறங்குகிறது. நிலையான மின்தடை ஒன்றுடன் இதனைத் தொடராக இணைத்து, சிறு மின்கலத்தின் மின்னழுத்தத்தைச் செலுத்தினால், பாதத்தின் ஒவ்வோர் அசைவும் மின் குறிப்பாக வெளிப்படுகிறது.

செய்முறையும் அதன் சிக்கல்களும்

செய்முறை எளிதெனத் தோன்றினும் அதில் கவனம் மிகுதியாக வேண்டும். நானோ குழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்து, சிக்குண்ட தலைமயிரைப் போன்று கற்றைகளாகத் திரண்டுவிடுகின்றன. கற்றைகள் அப்படியே இருப்பின் ஓரிடத்தில் கடத்தலும் மற்றோரிடத்தில் காப்பும் ஏற்படும். ஆகவே, குழாய்களைத் தகுந்த கரைப்பானில் இட்டு, மீயொலி அதிர்வுகளால் பிரிக்கின்றனர். அதிர்வு அளவு மீறினால் குழாய்கள் முறிந்து குறுகிவிடும். நீளத்தால் கிடைக்கும் பயனும் போய்விடும். எதிரெதிராகச் சுழலும் மூன்று உருளைகளுக்கிடையே கலவையை அரைத்தெடுப்பது மற்றொரு முறை. இதற்குக் கரைப்பான் தேவையில்லை என்பதால் ஆலை உற்பத்திக்கு இது ஏற்றது.

பின்னர் இறுகச் செய்யும் பொருள் சேர்க்கப்பட்டு, கலவை அச்சில் ஊற்றப்படுகிறது. பெரும்பாலும் பயன்படும் சிலிகோன் வகையில் பிளாட்டினம் சேர்மம் வினையூக்கியாக உள்ளது. கந்தகமோ அமீன் வகைப் பொருள்களோ சிறிதளவு பட்டாலும் இவ்வினையூக்கி செயலிழந்து, ரப்பர் இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும். சாதாரண ரப்பர்க் கையுறையிலுள்ள கந்தகம்கூட ஒரு முழு வார்ப்பைக் கெடுத்துவிடக் கூடும் என்பதைப் புதிதாக இத்தொழிலில் இறங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

எளிய முறைகளும் இல்லாமலில்லை. சர்க்கரைக் கட்டியில் திரவச் சிலிகோனை ஊறச் செய்து, இறுகிய பின் வெந்நீரில் இட்டால் சர்க்கரை கரைந்து, நுண்துளைகள் நிறைந்த சிலிகோன் பஞ்சு எஞ்சும். அப்பஞ்சினை நானோ குழாய்கள் கலந்த திரவத்தில் தோய்த்து உலர்த்தினால், இலேசான அழுத்தத்தையும் உணரவல்ல மெத்தை கிடைக்கிறது. அழுத்தும்போது துளைகளின் சுவர்கள் ஒன்றோடொன்று தொடுவதால் மின்தடை குறைகிறது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும் இதனைச் செய்து பார்க்க இயலும்.

சோதனைகள் காட்டியவை

ஜப்பானின் தேசிய தொழில்துறை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், ஒற்றைச் சுவர் நானோ குழாய்களின் மெல்லிய படலங்களைச் சிலிகோன் மீது பரப்பிச் செய்த உணரியை 2011-ல் வெளியிட்டனர். அது 280 சதவீத நீட்சி வரை வேலை செய்தது. 150 சதவீத நீட்சிக்குப் பத்தாயிரம் முறை உட்படுத்தப்பட்டும் பழுதுறவில்லை. காலுறையிலும் கையுறையிலும் கட்டிலும் பொருத்தி, நடையையும் விரலசைவையும் மூச்சையும் பதிவு செய்ய முடிந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோ குழுவினர் நானோ குழாய்களைச் சிலிகோன் மீது தெளித்து, நீட்டி விடுவதன் மூலம் அவை சுருள்வில் போன்று மடியுமாறு செய்தனர். இவ்விதம் நீண்டு சுருங்கும் மின்வாய்கள் இரண்டிற்கு நடுவே சாதாரணச் சிலிகோனை வைத்தால் அது மின்தேக்கியாகிறது. அழுத்தும்போது மின்வாய்களின் இடைவெளி குறைந்து, தேக்கும் திறன் கூடுகிறது.

தீராத குறைகள்

வெற்றிகளைக் கூறும்போது குறைகளை மறைத்தல் தகாது. முதல் குறை 'தயக்கம்' எனப்படுவது. சிலிகோன் முழுமையான மீள்தன்மை உடையதன்று. அதில் பாகின் தன்மையும் சிறிது உண்டு. எனவே அழுத்தம் ஏறும்போது காட்டும் மின்தடையும், அதே அழுத்தத்தில் இறங்கும்போது காட்டும் மின்தடையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாவதாக, நெடுநேரம் நிற்பவரின் பாதத்தின்கீழ் அழுத்தம் மாறாதிருக்க, உணரியின் அளவீடு மெல்ல நகர்ந்துகொண்டே செல்லும். மூன்றாவதாக, வெப்பநிலை மாறினாலும் மின்தடை மாறும். செருப்பின் உள்ளே சூடு ஏறுவதை அழுத்தம் ஏறியதாகக் கருவி தவறாக எண்ணக் கூடும். நான்காவதாக, ஒரே கலவையிலிருந்து செய்த இரு உணரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவுப்படுத்த வேண்டியுள்ளது. மென்மையான ரப்பரும் கடினமான உலோகக் கம்பியும் சேருமிடம் முதலில் அறுந்துபோவது ஐந்தாவது குறை.

மின்தேக்கி முறையில் தயக்கம் பெரிதும் குறைகிறது. வெப்பத்தை அறியும் சிறு உணரியை உடன் வைத்து அளவீட்டைத் திருத்தலாம். கம்பி சேரும் பகுதியில் குழாய்களை மிகுதியாகக் கலந்த ரப்பரையே பயன்படுத்தலாம். மேலும், அழுத்தத்தின் மிகத் துல்லியமான எண் எப்போதும் தேவை என்பதில்லை. நேற்றைய நடையினின்று இன்றைய நடை எங்கு மாறியுள்ளது என்பதைக் கண்டுகொண்டாலே போதுமான பயன் உண்டு.

எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தல்

செருப்பினுள் பாதத்தின் மீது விழும் உச்ச அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குக் கீழே இருப்பது ஆறிய புண் மீண்டும் வராமலிருக்க உதவும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். எச்சரிக்கை செய்யும் உள்ளங்கால் மெத்தையால் பயன் உண்டா என்பதை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு ஒன்று 2019-ல் வெளியாயிற்று. முன்பு புண் வந்து ஆறியிருந்த நீரிழிவு நோயாளிகள் 58 பேர் அதில் இறுதிவரை பங்கேற்றனர். அழுத்தம் நெடுநேரம் நீடித்தபோதெல்லாம் மணிக்கட்டிலுள்ள கடிகாரம் எச்சரித்தது. எச்சரிக்கை பெற்றோரிடம் மீண்டும் புண் தோன்றுவது, பெறாதோரைக் காட்டிலும் 71 சதவீதம் குறைவாக இருந்தது. அதில் பயன்பட்டவை நானோ குழாய் உணரிகள் அல்ல. பங்கேற்றோர் எண்ணிக்கையும் சிறியது. எனினும் கார்வில் மருத்துவமனையில் தோற்ற எண்ணம் அடிப்படையில் தவறன்று என்பதை இது உணர்த்துகிறது. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிர்ச்சியைவிட, 'சற்று உட்காருங்கள், காலை மாற்றி ஊன்றுங்கள்' என நினைவூட்டும் குறிப்பையே மனிதர்கள் ஏற்கின்றனர் போலும்.

தொழிலாளர் பாதுகாப்பு

நானோ குழாய்கள் ரப்பரினுள் பிணைந்திருக்கும் வரை அவற்றால் தீங்கு நேரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் தூளாகக் கையாளும்போது நிலைமை வேறு. நீண்ட, விறைப்பான பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் இழைகளைப் போன்ற விளைவை ஏற்படுத்துவதை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2014-ல் ஒரு குறிப்பிட்ட வகைப் பல்சுவர்க் குழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்தது. காற்றில் இவற்றின் அளவு கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமிற்கு மேற்படலாகாது என அமெரிக்கத் தொழில் நல நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. சிறு தொழிற்கூடங்களில் தூளை நேரடியாகக் கையாளாமல், முன்னரே சிலிகோனில் கலந்த பசையாக வாங்கிப் பயன்படுத்துவதே நன்று. தேய்ந்துபோன உணரிகளைத் திரும்பப் பெற்று முறையாக அகற்றும் ஏற்பாடும் தொடக்கத்திலேயே வேண்டும். கல்நாரைப் பொறுத்தவரை உலகம் காலங்கடந்து கற்ற பாடம் மீண்டும் தேவையில்லை.

இந்தியாவின் தேவைக்கு ஏற்ப

இத்துறையில் நம் நாடு பின்தங்கியதன்று. நானோ குழாய்களின் மீது திரவம் பாயும்போது மின்னழுத்தம் தோன்றுவதை 2003-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அஜய் சூத் குழுவினர் காட்டினர். 2007-ல் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் நானோ இயக்கத்தைத் தொடங்கியது. ஆய்வுக்கூடங்களும் பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளர்களும் உருவாயினர்.

ஆயினும் வெளிநாட்டு வடிவங்களை அப்படியே பின்பற்றுவது பயன் தராது. குளிர்நாடுகளில் காலணி நாள் முழுதும் காலிலேயே இருக்கிறது. உணரியை அதனுள் வைத்தால் போதும். இங்கோ வீட்டினுள்ளும் கோயிலிலும் வெறுங்காலுடன் நடப்பதே வழக்கம். வயலில் இறங்குவோர் செருப்பை வரப்பிலேயே விட்டுச் செல்கின்றனர். பாதம் பாதுகாப்பின்றி இருக்கும் இந்த நேரங்களிலேயே முள்ளும் சூடும் அதனைத் தாக்குகின்றன. எனவே வீட்டினுள் அணியத்தக்க மெல்லிய காலுறை, பின்வார் வைத்த திறந்த செருப்பு, நீரில் நனைந்தாலும் கெடாத மெத்தை ஆகியவற்றில் உணரியைப் பொருத்தும் முறைகள் இங்குதான் உருவாக்கப்பட வேண்டும். எச்சரிக்கையும் எழுத்தறியாதவருக்கும் விளங்கும் ஒலியாகவோ அதிர்வாகவோ அமைதல் வேண்டும்.

எந்தக் கருவியும் எளிய பரிசோதனைகளுக்கு மாற்றாகாது. பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் தொட்டு, உணர்வு உள்ளதா எனக் கேட்கும் சோதனைக்கு ஓரிரு நிமிடமே ஆகும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் ஆண்டுக்கொரு முறை இச்சோதனை நடைபெறுமாயின், உணரி யாருக்குத் தேவை என்பதே தெளிவாகும். நாள்தோறும் பாதத்தை நோக்குவதும், ஏற்ற செருப்பை அணிவதும் எப்போதும் முதற்படிகளே.

அந்த முதற்படிகளுக்கு மேல் கட்டப்படும்போதுதான் உணரும் ரப்பர் தன் முழுப் பயனைத் தரும். வேலூரில் நுண்துளை ரப்பர்ச் செருப்பு வெற்றி பெற்றதற்குக் காரணம், அதனைச் செய்தவர்கள் நோயாளிகளின் பாதங்களை அருகிருந்து கவனித்ததே. விஞ்ஞானியும் மருத்துவரும் செருப்புத் தொழிலாளியும் ஒரே மேசையின் முன் அமர்ந்து, அணியப் போகிறவரின் சொல்லையும் கேட்டுச் செயற்படுவார்களேயானால், தன் பாதத்தில் கல் குத்துவதை அறியாமல் நடக்கும் உழைப்பாளிக்கு, இரண்டடி நடப்பதற்குள் அதனை அறிவிக்கும் காவலன் மீண்டும் கிடைப்பான்.